சாவி எல்லாம் பலகையில், இணையத்தில் இருபத்துமூன்று

மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. "இன்னும் தள்ளிக்கினு போனா சாமிக்குக் குடுக்க ஒன்னும் இருக்காது" என்று என் தலையைப் பார்த்து மனைவி சொன்னாள். அவள் கவலை நியாயமானது. ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குடும்பத்தில் ஏழு பேர் புத்தூரிலிருந்து கிளம்பினோம்.

காலை ஐந்தரைக்கு பஸ், ஆளுக்கு அறுபது ரூபாய். முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆறே முக்காலுக்குத் திருப்பதி. பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு லாட்ஜ், பெரிய அறை 1,200 ரூபாய். அங்கே ரிசப்ஷனில் இருப்பது மனைவியின் தம்பி ஏழுமலை. ஒன்பது வருடம் குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டு, மகள் பத்தாவது படிக்கும்போதாவது கூட இருக்கலாம் என்று திரும்பி வந்தவன்.

"இன்னா மச்சான், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்துக்கினு கீற?" என்றேன்.

"நீ வேற மாமா. சாயந்திரம் அஞ்சு மணியோட என் வேலை போவுது. மறுபடியும் குவைத்துதான்."

லாட்ஜ் முதலாளி இருப்பது பெங்களூரில். பத்து நாள் முன்பு புதிதாக வைஃபை போட்டிருக்கிறார். எத்தனை கருவி அதில் இணைந்திருக்கிறது என்று அவர் போனிலும் மச்சான் போனிலும் தெரியும். சாவிப் பலகை கேமராவில் தெரியும். எல்லாச் சாவியும் தொங்கும்போதும் இருபதுக்கு மேல் காட்டுகிறதாம். ஆளே இல்லாத லாட்ஜில் யார் நெட் பார்ப்பது? மச்சான் பக்கத்துக் கடைகளுக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். ஐந்து மணிக்குள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் படித்தது ஐந்தாவது, அதிலும் பாதி நாள்.

கோயிலுக்குள் போன் கூடாது. கவுண்டரில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க நிற்பதற்குப் பதில், ஏழு போனையும் பிள்ளைகளின் டேப்பையும் அறையிலேயே சார்ஜில் போட்டோம். சாவியை மச்சானிடம் கொடுத்தோம். மலைக்கு 22 கிலோமீட்டர், பஸ் 90 ரூபாய். மொட்டை இலவசம். "இந்தத் தலைக்கு வேலை கம்மி" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு மூன்றே நிமிடத்தில் முடித்தார் நாவிதர். முந்நூறு ரூபாய் டிக்கெட்டில் தரிசனம், மூன்றரை மணி நேரம். மச்சான் வேலைக்காகவும் ஒரு கும்பிடு போட்டேன்.

நாலு பத்துக்கு லாட்ஜ். "இருபத்திமூணு காட்டுது மாமா. சாவி மொத்தமும் இங்கதான் கீது" என்றான், முகம் தொங்கிப்போய். எங்கள் அறையைத் திறந்தேன். காலையில் வந்ததும் லாட்ஜ் வைஃபையில் இணைத்த எட்டும் கட்டில்மேல் வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சான், ஓடியா! சாமி பாக்கப் போனது நாங்கதான். இவுங்க ஒருத்தரும் ரூம வுட்டுப் போவல!"

ஒவ்வொன்றாக அணைத்தோம். அவன் எண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். பதினைந்தில் நின்றது. கேமரா நாலு, டிவி ஐந்து, மச்சான் போன் ஒன்று. மிச்சம் ஐந்து. அடுத்த அறை சேலத்துக்காரர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தபோது கேட்டோம். அவர்களும் ஐந்து போனை அறையில் வைத்துவிட்டுப் போனவர்கள்தான்!

நாலே முக்காலுக்கு முதலாளிக்கு வீடியோ கால். மச்சான் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரே ஏழுமலை, ரேப்பட்னுஞ்சி நுவ்வே லெக்க சூஸ்கோ" என்றார். நாளையிலிருந்து கணக்கை நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

"மொதல்ல துன்னுட்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு, ரிசப்ஷனில் நான் உட்கார்ந்தேன். மொட்டைத் தலைக்கு ஃபேன் காற்று சுகமாக இருந்தது.

உலகத்தில் எத்தனை கருவி நெட்டில் இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், ஆளை எண்ணினாயா, சாவியை எண்ணினாயா என்று கேளுங்கள். போகிறவர்களுக்கு என் யோசனை: போனை அறையில் வையுங்கள், ஆனால் அணைத்து வையுங்கள். தரிசன டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். மொட்டைக்குத் தொப்பி கொண்டுபோங்கள், மலையில் வெயில் சுடும்.

மறுநாள் காலை ஏழரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மச்சான் போனில் கூப்பிட்டான்.

"வண்டி கெளம்பிச்சா மாமா? ரூமெல்லாம் காலி. பத்துதான் வரணும், பதினொன்னு காட்டுது. இன்னாத்த வுட்டுட்டுப் போன?"

பையைக் கவிழ்த்தோம். டேப் இல்லை. டிரைவரைக் கெஞ்சி ஐந்து நிமிடம் நிறுத்தினோம். டேப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு ஓடி வந்தான் மச்சான்.