சாயம் பார்த்த ஸ்லைடு

பெரியக்காவுக்குக் களைப்பு என்பது வியாதி இல்லை, சுபாவம். லேபில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடுவதே பெரும்பாடு.

பெண்களின் கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைப் பார்ப்பது அவள் வேலை. அங்கே ஒரு வைரஸ் குடிவரும். பெரும்பாலும் உடம்பே அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். சிலரிடம் மட்டும் வருஷக்கணக்கில் டேரா போட்டுவிடும். அது தயாரிக்கும் புரதங்களில் இரண்டு இருக்கின்றனவே, சரியான கேடிகள்! ஒன்று, பழுதான செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் காவல் புரதத்தைத் தீர்த்துக்கட்டும். இன்னொன்று, பெருக்கத்துக்குப் போட்டிருக்கும் பிரேக்கைக் கழற்றிவிடும். அப்புறம் கேட்பாரில்லை. பழுதான செல் பழுதோடு பெருகிப் பெருகி, ஒருநாள் புற்றுநோயாகவும் ஆகலாம். முன்கூட்டியே பார்த்துவிட்டால் தப்பிக்கலாம்.

ஊருக்கெல்லாம் "டெஸ்ட் எடும்மா" என்று சொல்லும் மகராசி, தான் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நேரமில்லையாம்!

செல்கள் தெளிவாய்த் தெரிய ஏற்றும் சாயம் புதிதாய் வந்தால், ஒரு கண்ணாடி ஸ்லைடில் செல்களைத் தடவி நிறம் பார்ப்பார்கள். அப்படி ஒரு நாள், செல் கொடுக்க வேறு ஆள் கிடைக்காமல், நர்ஸிடம் போய்த் தன் செல்களையே எடுத்துவந்தாள். பெயர் எழுதவில்லை, "சாயம்" என்று மட்டும் எழுதினாள். நீலம் ஏறியிருக்கிறதா, ஆரஞ்சு தெளிவா என்று பார்த்தாள். அவ்வளவுதான். நிறம் பார்க்க உட்கார்ந்தவள் செல்லைப் பார்க்கவே இல்லை. வேலை தெரிந்தவர்கள்தான் இப்படி ஏமாற முடியும். ஸ்லைடு மேசையிலேயே கிடந்தது. நிறத்தில் சந்தேகம் வரும்போதெல்லாம் மற்றவர்களின் ஸ்லைடை அதோடு ஒப்பிட்டுக்கொண்டாள். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது.

ஒரு மதியம், பக்கத்து நாற்காலிக்காரி அந்தச் சாய ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வாயாடி என்று பெயரெடுத்தவள். ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி இரண்டு தரம் பார்த்தாள்.

"அக்கா, இது யாரோடது?"

"சாயம் பாக்குறதுடி. வெச்சிரு."

"சாயம் கெடக்கட்டும். நியூக்ளியஸ் எல்லாம் பெருத்துக் கறுத்துக் கெடக்கு. யாருன்னு சொல்லுங்க, உடனே கூப்பிடணும்."

பெரியக்கா குனிந்து பார்த்தாள். புற்றாக மாறப் பார்க்கும் செல்கள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"என்னோடதுதான்."

"ஐயோ, அக்கா!" வாயாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முத்தின மாதிரி தெரியல. டாக்டர் பாத்துட்டு அந்த இடத்தை எடுத்துடுவாங்க. அப்புறம் கொஞ்ச நாளைக்கு நீங்க எதையும் தூக்கக் கூடாது, படுத்துத்தான் இருக்கணும். சொல்லிட்டேன்."

பயம்தான் வந்திருக்க வேண்டும். பெரியக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. கொஞ்ச நாள் படுத்திருக்கலாம், எழுந்திரு என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி நினைத்தது நாம்தானா என்று உறைத்ததும் விக்கி விக்கி அழுதாள்.

"நோயை நெனச்சு அழாதீங்கக்கா, சரியாயிடும்" என்று வாயாடி முதுகைத் தடவினாள். நோயை நினைத்து அழவில்லை என்று சொல்ல பெரியக்காவுக்கு வெட்கமாக இருந்தது.