சும்மா உட்கார்ந்திருந்த கிராபிக்ஸ் கார்டு

கல்யாணத்துக்கு வந்தவர்கள் பந்தியில் கை கழுவியதோடு அந்தக் கல்யாணத்தை மறந்துவிடுவார்கள். வீடியோக்காரன் ஒருவன்தான் அப்புறமும் மூன்று மாதம் அதே மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திருப்பூரில் எங்களுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அதுதான் கம்பெனிப் படம். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையருக்குக் காட்ட, நூல் இறங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரைக்கும் எடுத்து, வெட்டி, ஒட்டிக் கொடுக்க வேண்டும். நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவன். என்னை ஏளனமாகப் பேசியவர் யாரையும் மறந்ததில்லை. அதனால் கீழே வருகிற பேச்சில் ஒரு சொல்லும் கூடக் குறைய இருக்காது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் படித்துவிட்டு அழலாம், சிரிக்கலாம்.

கடைக்காரரின் அக்கறை

என் எடிட்டிங் ரூம் நல்லூரில், துணி பின்னுகிற ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே எல்லா மெஷினையும் ஒன்றாகப் போட்டால் மேலே லைட் கண் சிமிட்டும். அப்படிச் சிமிட்டிய ஒரு நாளில் என் பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனது. அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தேன்: கீழே மெஷின் ஓடும்போது பிளக்கில் எதையும் மாட்டுவதில்லை. லேப்டாப் வாங்குவது, வீட்டில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து பேட்டரியிலேயே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கடையில் இருந்தவர் என் வேட்டியைப் பார்த்தார், விரலில் இருந்த ஆயில் கறையைப் பார்த்தார், சின்ன லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்தார். பக்கத்தில் இருந்த பெரியதைக் காட்டி, அதில் என்ன விசேஷம் என்று கேட்டேன். படம் ஓட்டுவதற்கென்றே உள்ளே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதாம். எடிட்டிங்குக்கு அதுதான் சரியாம். அப்படியானால் அதைக் கொடுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வேண்டாமுங்க ஐயா, அதெல்லாம் வெவரம் தெரிஞ்சவங்களுக்குங்க."

பெரியதையே வாங்கினேன்.

வீரபாண்டியில் தட்டிய தறி

சென்னியப்பன் வீரபாண்டியில் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருப்பவர். வருடம் முழுக்க எனக்கு வேலை கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான்; கல்யாணம் இல்லாத மாதங்களில் என் வீட்டு அடுப்பு எரிவது அவர் கம்பெனிப் படத்தால்தான். புது பையர் வருகிறார் என்று எட்டு நிமிடப் படம் கேட்டிருந்தார். ஷெட்டுக்குள் வெளிச்சம் குறைவு. எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக அரிசி கொட்டியதுபோல இருக்கும். அதைத் துடைத்து எடுப்பதுதான் கம்ப்யூட்டருக்கு முதுகை ஒடிக்கிற வேலை.

மூன்று மணி நேரம் ஓடி, பாதிகூட முடியாமல் பேட்டரி தீர்ந்து நின்றது. சரி, எடிட் செய்தவரைக்கும் காட்டுவோம் என்று வீட்டில் மறுபடி சார்ஜ் ஏற்றி, லேப்டாப்பை அவர் ஆபீசுக்கே எடுத்துப் போனேன். படம் நின்று நின்று நகர்ந்தது. வட்டமாகச் சுற்ற வேண்டிய மெஷின் விக்கியது. சென்னியப்பன் பொறுமையாகப் பார்த்தார். கத்திப் பேசுகிற மனிதர் இல்லை; அதுதான் பயம். "பையர் சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றாருங்க. அதுக்குள்ள ஆகலீன்னா தங்கராசுகிட்டச் சொல்லிக்கறனுங்க, வருசத்துக்கும் அவரே பார்த்துக்கட்டும்" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. நான் லேப்டாப்பை மூடும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: "நாங்க ஓட்டறது நிட்டிங் மெஷினுங்ணா, இதுல பார்த்தா தறி தட்டறாப்பல இருக்குது."

பேக்கரியில் ஒரு விசாரிப்பு

தங்கராசு யார் என்று சொல்ல வேண்டும். வேலம்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் நானும் அவரும் கூட்டாகத் தொழில் செய்தோம். பிரிந்தபோது கஸ்டமர் நோட்டை அவர் எடுத்துக்கொண்டார், ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். அதைப் பற்றி நான் இப்போதெல்லாம் பேசுவதில்லை, வாரத்துக்கு ஒரு தரம்தான்.

புதன்கிழமை பேக்கரியில் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செய்தி எனக்கு முன்னால் அவரிடம் போயிருந்தது. "ஏனுங்ணா, புது லேப்டாப்பு ஓட மாட்டீங்குதாமா?" என்றார். ஓடும் என்றேன். "மாத்தறதுன்னா சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்ச கடை இருக்குது" என்றார். லேப்டாப் நல்ல லேப்டாப்தான், மாற்றத் தேவையில்லை என்று சொல்லி எழுந்தேன். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டார். அதுவும் நான் மறக்காத ஒன்று. கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நானும் லேப்டாப்பைச் சொல்லலீங்ணா, ஓட்டற ஆளைத்தான் சொன்னேன்."

பண்டலில் பெயர்

கோபத்தில் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். ரூமுக்கு வந்ததும் படத்தை ஓடவிட்டு, உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் என்பதைத் திறந்து, இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜிபியு, அதாவது படம் ஓட்டுகிற கார்டு, என்று இரண்டு வரிசை இருந்தது. பூஜ்யம் என்று நம்பர் போட்டது, கம்ப்யூட்டரோடு கூடவே பிறந்த சின்னது. அது நூறு சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்று என்று நம்பர் போட்டதுதான் நான் காசு கொடுத்து வாங்கிய கார்டு. அது பூஜ்யத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தையல் யூனிட்டில் இதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். வெட்டிய துணியைக் கட்டிய பண்டலில் டெய்லர் பெயர் எழுதாவிட்டால், சூப்பர்வைசர் நல்ல டெய்லரைத் தேடிப் போகமாட்டார். கைக்கு எட்டுகிறவர் மடியில் போட்டுவிட்டுப் போவார். ஆக, பெயர் எழுத வேண்டும். செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்று போனால் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் என் எடிட்டிங் சாப்ட்வேரைச் சேர்த்து, ஹை பெர்பார்மன்ஸ் என்பதைத் தொட்டேன். பிறகு அந்த சாப்ட்வேருக்குள்ளும் போய், அங்கேயும் பெரிய கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்தேன். நம்பர் ஒன்று கொஞ்சம் அசைந்தது. பத்து, பன்னிரண்டு சதவீதம். அதற்கு மேல் எழவில்லை. கடைக்குப் போன் போட்டேன். அக்கறை காட்டிய அதே ஆள்தான் எடுத்தார்: "ஐயா, அது கேம் ஆடற பசங்களுக்குத்தானுங்க நல்லா எழுந்திரிக்கும்."

இசக்கிமுத்து கேட்ட கேள்வி

வியாழக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே மெஷின் நின்றது. அந்த அரை மணி நேரத்தில்தான் நான் சார்ஜரை மாட்டுவேன். மாட்டிவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே திரும்பிப் பார்த்தால், கார்டு எண்பது சதவீதத்தில் நிற்கிறது! படம் எண்ணெய் ஊற்றியதுபோல ஓடுகிறது. சாப்பாடு முடிந்து மெஷின் ஓடத் தொடங்கியது. சபதப்படி சார்ஜரைப் பிடுங்கினேன். கார்டு படுத்துவிட்டது.

கீழே மெஷின் ஓடுகிற அதிர்வுதான் கார்டைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். நேராகக் கீழே போய், மெஷின் ஓட்டுகிற இசக்கிமுத்துவிடம் சண்டைக்கு நின்றேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள்; தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் சொன்ன முழுக்கதையையும் கேட்டார். "மெஷின் நிக்கும்போது மேல என்ன செய்வீய?" என்றார். சார்ஜர் மாட்டுவேன் என்றேன். "ஓடும்போது?" பிடுங்கிவிடுவேன் என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப்பே பெரிய கார்டை அமுக்கி வைத்துவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய கம்ப்யூட்டர் புகைந்ததையும், அதனால் கரண்ட் மேல் எனக்கு இருந்த வன்மத்தையும் அவரிடம் சொன்னேன். தன்னுடைய மெஷினுக்குப் போட்டிருக்கும் ஸ்டெபிலைசரில் ஒரு பிளக் காலியாகக் கிடப்பதைக் காட்டி, மாடிக்கு ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். ஓனரிடமும் அவரே கேட்டுக்கொடுத்தார். நான் படியேறும்போது பின்னாலேயே குரல் வந்தது: "அண்ணாச்சி, பட்டினி போட்டுட்டு உழச் சொன்னா எந்த மாடுதான் உழும்?"

மோதிரம்

எட்டு நிமிடப் படம் வெள்ளிக்கிழமை பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. முன்னே மூன்று மணி நேரம் ஓடியும் பாதி தாண்டாத வேலை. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பென்டிரைவும் லேப்டாப்புமாக வீரபாண்டி ஆபீசில் நின்றேன். உள்ளே தங்கராசு உட்கார்ந்திருந்தார். ஒருவேளை நான் வராவிட்டால் என்று, போன வருடம் வேறு கம்பெனிக்கு எடுத்த படத்தைப் பெயர் மாற்றி வைத்திருந்தாராம்.

சென்னியப்பன் என் படத்தைப் போட்டுப் பார்த்தார். தட்டவில்லை, விக்கவில்லை. முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஐந்தாவது நிமிடத்தில், "நிறுத்துங்க" என்று எழுந்துவிட்டார். கட்டிங் மெஷின் ஓட்டும்போது கையில் இரும்புவலைக் கையுறை இருக்க வேண்டும். பையர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். அவர் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர், கேமராவைக் கண்டதும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, புது மோதிரம் தெரிய விரலை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். நானும் அழகாக இருக்கிறதே என்று கிட்டப் போய் எடுத்திருக்கிறேன்.

"பையர் இதைப் பார்த்தாருன்னா ஆர்டர் போச்சுங்க" என்றார் சென்னியப்பன். கடிகாரத்தில் மூன்றே கால். தங்கராசு எழுந்து தன் பென்டிரைவை எடுத்தார். "இனி வெட்டி ஒட்டி வெளியே எடுக்கறதுன்னா நாலு மணி நேரமாவது ஆகுமுங்க. அண்ணனைச் சிரமப்படுத்த வேண்டாம், என்னோடதைப் போட்டரலாமுங்க" என்றார்.

நான் சென்னியப்பனைப் பார்த்து, "பிளக் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன். மாட்டினேன். மோதிர ஷாட்டைத் தூக்கி எறிந்து, கேமராவைக் காணும் முன் மாஸ்டர் கையுறை போட்டு ஒழுங்காக வெட்டியதை எடுத்திருந்த ஷாட்டை வைத்தேன். பட்டனைத் தட்டிவிட்டு, கொண்டுவந்து கொடுத்த டீயை ஆற்றிக் குடித்தேன். மூன்றே முக்காலுக்குப் படம் புதிதாகப் பென்டிரைவில் இருந்தது. பையர் வந்தார், பார்த்தார், கட்டிங் மாஸ்டர் வரும் இடத்தில் தலையை ஆட்டினார். சென்னியப்பன் வெளியே வந்து என் தோளில் கை வைத்து, அடுத்த சீசன் படத்துக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

தங்கராசு வாசலில் என் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் அப்படிக் கை கட்டி நின்று நான் பார்த்ததே இல்லை. "ஏனுங்ணா, என்னோட லேப்டாப்புலயும் அந்தக் கார்டு இருக்குதுங்க, என்ன பண்ணோணுமுன்னு சித்த சொல்றீங்களா?"

சொல்லிக் கொடுத்தேன், நான் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆனதோ அத்தனை நாள் எடுத்துக்கொண்டு, தினம் பேக்கரிக்கு வரவைத்து, டீ அவர் கணக்கில்.