புளி போட்டு விளக்கிய பாம்புக் காப்பு

கந்தர்வக்கோட்டை முந்திரி மட்டும் எங்கள் பக்கத்து ஆலைகளுக்குப் பத்தாது. அதனால் கொட்டை வாங்க வருடா வருடம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டுக்குப் போகிறார் என் வீட்டுக்காரர். போன தடவை அங்கே காய்ச்சலில் விழுந்து, பிழைத்து வந்ததே பெரிய விஷயம். இவர் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா பயந்துபோய்க் குறி கேட்டிருக்கிறார். கையில் பாம்புக் காப்பு போட வேண்டும் என்று வந்ததாம். செத்துப்போன தன் அப்பா போட்டிருந்த கறுத்துப்போன பழைய வெண்கலக் காப்பையே எடுத்துக் கொடுத்துவிட்டார். மலைப்பாம்பு சுருண்டு கிடக்கிற மாதிரி வார்த்தது. கண்ணுக்குத் தெரியாதவர்களிடமிருந்து மனிதர்களுக்குச் சேதி கொண்டுவருவது அந்தப் பாம்புதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வாய் கிழியப் பேசினேன். ஆனாலும் அது இவர் கையில் கிடந்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இவர் மறுபடி கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, குளிக்கக் கழற்றி வைத்த காப்பை மாமியார் எடுத்துவிட்டார். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினார்.

"எம்புட்டு அழுக்கு! இப்பப் பாரு, தங்கமாட்டம் இருக்கு."

"ஐயோ அத்தை, அது அழுக்கா? அதோட சக்தி அத்தனையும் போச்சே! இனிமே எதைப் போட்டுக்கிட்டுப் போவாரு?" என்று கத்திவிட்டேன்.

மாமியார் முகம் சுருங்கிவிட்டது. "எம்புள்ளைக்கு நானே கெடுதல் பண்ணிட்டேனா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. என் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இவர் வீடியோ காலில் காப்பைக் கொடுத்த அந்த வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காப்பைக் காட்டினார். அந்தம்மா வாயில் கை வைத்தார். யார் தேய்த்தது என்று கேட்டார். இவர் போனைத் தன் அம்மா பக்கம் திருப்பினார். அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தபடி ஏதோ சொல்ல, இவர் தமிழில் சொன்னார்: "அந்தக் கறுப்பு அவங்க அப்பா வேர்வையாம், அம்மா. போனாப் போகுதாம். இனிமே என் வேர்வை ஏறட்டுமாம். கழட்டக் கூடாதாம்."

கிளம்பும்போது மாமியாரே காப்பை மாட்டிவிட்டார். "நம்மூருல சாமிக்குக் காப்புக் கட்டுனா எல்லை தாண்டப்படாது. ஒனக்கு என்னடான்னா காப்பைப் போட்டு அனுப்புறேன். வந்துரு சாமி" என்றார்.

அங்கே கொட்டை வரத்து ஓய்ந்ததும் வந்து சேர்ந்தார். நானும் மாமியாரும் முதலில் கையைத்தான் பார்த்தோம். காப்பு மங்கி, கறுக்கத் தொடங்கியிருந்தது. மாமியார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியார் விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் போனதும் புளிக்கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அலறினார்.

"அங்கிட்டுப் போடா! கை கிய்யி பட்டுறப் போகுது!"