வெள்ளையாக விடப்பட்ட தெரு

நகர அளவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் அளவுகோல் பிடித்தவருக்குக் கோல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பொறியாளர் முக்காலிமேல் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நூறடி தள்ளி இவர் கோலை நிமிர்த்திப் பிடிப்பார். ஒரு விரற்கடை சாய்ந்தாலும் அளவு பொய்யாகிவிடும். இவர் கோல் சாய்ந்ததில்லை.

ஆறு எவ்வளவு உயர்ந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று காட்டும் வெள்ள வரைபடத்துக்காக ஊரின் ஒவ்வொரு மூலையிலும் கோல் பிடித்தார். ஆற்றோரத்தில் அவருடைய அக்கா குடியிருந்த தெருவிலும் பிடித்தார். பாலத்து அளவுப் பலகையில் நீர் ஏழு மீட்டரைத் தொட்டால் அக்காவின் அறையில் ஒன்றரை மீட்டர் நிற்கும் என்று கணக்கு வந்தது. பக்கவாதத்தில் விழுந்த அக்காவின் கட்டில் அரை மீட்டர் உயரம்கூட இல்லை.

வரைபடம் அச்சாகி வந்தபோது தாழ்வான தெருக்களெல்லாம் நீலமாக இருந்தன. அந்தத் தெரு மட்டும் வெள்ளை.

"சார், இங்க நாம அளந்தோமே?"

"அது பதிவில்லாத தெருய்யா. நீலம் அடிச்சா, அங்க ஆள் இருக்காங்கன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் படகு குடு, முகாம் போடுன்னு நிப்பாங்க." பொறியாளர் தேநீரை உறிஞ்சினார். "உனக்கென்ன, கோலைப் பிடிக்கிறதோட சரி."

ஆயிரத்து நூறு பேர் வாழும் தெருவை இல்லாமலாக்கியதை அந்த அலுவலகத்தில் யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. நடைமுறை என்றார்கள்.

தெருவாசிகளோ மகிழ்ந்துபோனார்கள். நீலத் தெருக்களைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு அடிபட்டிருந்தது. வெள்ளை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தம். தப்பிக்க வைத்தது யார்? நம்ம கோல்காரர்தான், உள்ளே ஆள் இருந்தால் சும்மாவா?

தெருமுனைத் தையல்காரர் யாருக்கும் எழுந்திராதவர். அன்று எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கண்ணே. நீங்க மட்டும் இல்லன்னா எங்களையும் நீலத்துல முக்கி எடுத்திருப்பானுங்க."

வெயிலில் நின்றே பழகிய மனிதர் உட்கார்ந்தார். "ஏதோ என்னால முடிஞ்சது" என்றார். அக்காவிடமும் அதையே சொன்னார். அவள் கோணிய வாயால் சிரித்து, பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் தம்பி" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலத்துப் பலகையில் நீர் ஐந்தைத் தாண்டியது. கோல்காரர் தெருவுக்கு ஓடினார்.

"அக்கா, கெளம்பு. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறேன். தண்ணி வருது."

"நம்ம தெருதான் வெள்ளையாச்சே. நீதானே சொல்லி வெச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. அவங்களா விட்டுட்டாங்க. நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். "என்னை வெளியேத்தப் பாக்கிறியா? வீட்ட யாருக்குப் பேசி முடிச்சிருக்கே?"

அவர் தூக்கக் குனிந்ததும், நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தெரு கூடிவிட்டது.

"ஏண்ணே," என்றார் தையல்காரர், "அன்னிக்கு உக்காந்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு நின்னுகிட்டு ஒண்ணு சொல்றீங்க. எதை நம்புறது?"

சிரித்தார்கள். நோயாளியைப் படுத்தாதீர்கள் என்று நாலு பேர் அவரை வாசலுக்குத் தள்ளினார்கள்.

படகு கேட்க அலுவலகத்துக்கு ஓடினார். படகுப் பட்டியலை வரைபடத்தைப் பார்த்தே போட்டிருந்தார்கள். நீலத் தெருக்களுக்கு ஒன்பது படகு. வெள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே, மதியம் ஒரு மணிக்கு, நீர் ஏழைத் தொட்டது.

அந்தத் தெருவில் பதினேழு பேர் செத்தார்கள். தையல் மிஷினை நாற்காலிமேல் ஏற்றிவைக்கப் போன தையல்காரர் திரும்பவில்லை. தண்ணீர் வடிந்தபோது அக்கா கட்டிலிலேயே கிடந்தாள். நல்ல கை சட்டத்தை விட்டிருக்கவில்லை. வெள்ளப் பகுதிக்கு வெளியே நேர்ந்த மரணங்கள் என்று அறிக்கை எழுதினார்கள்.

பத்து நாள் கழித்து, சுவர்களில் சேறு விட்டுப்போன கோட்டை அளக்க உத்தரவு வந்தது. அக்காவின் அறைச் சுவரோரம் கோல்காரர் நின்றார். பொறியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நிமித்திப் பிடிய்யா. ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டு. பரவால்லையே, பழைய கணக்குக்கு ரெண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். நல்லாத்தான் பிடிச்சிருக்கே."

"இந்தத் தடவையாவது நீலம் அடிப்பீங்களா சார்?"

"மிச்சம் இருந்தவங்களும் போயி தெருவே காலியாயிடுச்சு. இனிமே யாருக்காக அடிக்கிறது? கோலை ஆட்டாதே, இன்னொரு தடவை பாத்துடறேன்."

கோல்காரர் கோலை ஆட்டவில்லை.