எலி விழுந்த வருஷத்து வீணை

பச்சை மூங்கில் தட்டியின் வாசனையும் பினாயில் நெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், இந்த ஐம்பது வயதிலும் என் வலது கை தானாக இடது அக்குளுக்குப் போய்விடுகிறது. ஒரு கல்யாணப் பந்தலில் அப்படிப் போனபோது, சம்பந்தி வீட்டார் சொறி சிரங்கு என்று எண்ணிச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். சொறியெல்லாம் ஒன்றுமில்லை, ஒன்பது வயதில் நான் சாகத் தயாரானதன் மிச்சம் அது.

மகாராஜா காலத்து மைசூரில் "எலி விழுந்துடுத்து" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பரணிலிருந்து ஓர் எலி தானாக விழுந்து செத்தால் பிளேக் வந்துவிட்டது என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே மைதானத்தில் வரிசை வரிசையாகப் போட்டிருக்கும் தட்டிக் கொட்டகைக்குக் குடிபோக வேண்டும். எங்கள் வீட்டில் விழுந்த முதல் எலியைப் பார்த்தது நான்தான். பார்த்ததோடு விட்டேனா? வாலைப் பிடித்துத் தூக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, கொல்லைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டு, வீரனாக உள்ளே வந்தேன். சாயங்காலம் இரண்டாவது எலி கூடத்தின் நடுவில் விழுந்து, அம்மா அலறியபோதுதான் அது என்ன எலி என்று எனக்கு உறைத்தது. வீரம் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

கொட்டகையில் பத்து நாள் கெடு. அதற்குள் ஜுரமோ, அக்குளில் நெறிக்கட்டோ வராவிட்டால் பிழைத்தோம். வந்தால், கம்பவுண்டர் தனிக் கொட்டகைக்கு அழைத்துப் போய்விடுவார். அங்கே அம்மா வரக்கூடாது. அதனால் எலியைத் தொட்டதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல், அக்குளை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். எழுந்ததும், சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், சும்மா இருக்கும்போது; சும்மா இருக்கும்போதுதான் அதிகம்.

குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் பால்கார நிங்கம்மா, இந்தப் பக்கம் நாங்கள். எங்கேயோ ஒருவர் இருமினால் வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த இருமலுக்குக் காத்திருக்கும். "யாரு அது? மூணாவது கொட்டகையா?" என்று குரல் வரும். மூன்றாவது கொட்டகை, நாலாவதைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லோரும் அரிசி, அண்டா, விறகு என்று கொண்டுவந்திருக்க, சித்தி தன் வீணையைக் கொண்டுவந்திருந்தாள். சித்தப்பாவுக்கு அப்போது சிவசமுத்திரத்தில் உத்தியோகம். சித்தி எங்களோடுதான் இருந்தாள். எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவியோடு அண்ணன் நேராகப் பேசக்கூடாது. வீட்டில் அப்பா தூணைப் பார்த்துப் பேசுவார். கொட்டகையில் தூண் இல்லாததால் அந்தப் பதவி எனக்கு வந்தது.

"அம்பி, ஒரு அண்டா வைக்கற இடத்தை அடைச்சுண்டு இது எதுக்குன்னு கேளுடா."

கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்த சித்தி, "அண்டால தண்ணிதான் ரொப்பலாம்னு சொல்லு, அம்பி" என்றாள். நான் சொன்னேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தி வாசித்தாள். முதலில் தட்டிகளுக்குப் பின்னால் முணுமுணுப்பு. பிறகு அதுவும் இல்லை. யாருமே இருமவில்லையா, இருமியும் யாருக்கும் கேட்கவில்லையா, தெரியாது. முடிந்ததும் நிங்கம்மா தட்டியைத் தட்டி, "அம்மாவரே, இன்னொந்து!" என்று கன்னடத்தில் இன்னொரு பாட்டுக் கேட்டாள். காலையில் நாலாவது கொட்டகையைக் காட்டிக்கொடுத்தவரே, நாலாவது கொட்டகைக்காரருக்குத் தன் பாயில் இடம் விட்டார். நானோ, ஒரு மணி நேரமாக அக்குளைத் தொடவே மறந்திருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் பதறிப்போய், விட்டுப்போனதற்கும் சேர்த்து அமுக்கிப் பார்த்தேன்.

ஆறாம் நாள் கடைசி வரிசையிலிருந்து ஒருவரைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார். "மனுஷா செத்துண்டிருக்கா. கச்சேரி வேண்டாம்னு சொல்லுடா." சித்தி உறையை எடுத்து வீணைக்குப் போட்டாள்.

அன்று சாயங்காலம் இருமல்கள் எல்லாம் திரும்பி வந்தன. நிங்கம்மாவுக்கும் எதிர்க் கொட்டகைக்கும் கிணற்றுக் கயிற்றுக்காகச் சண்டை. என் கை அக்குளுக்குப் போயிற்று. அங்கே இருந்தது! கொட்டைப்பாக்கு அளவு, தொட்டால் வலித்தது. "அம்மா, எனக்குப் பிளேக்! எலியை நான்தான் தொட்டேன்!" என்று நான் போட்ட கூச்சலில் இரண்டு வரிசை காலியாயிற்று.

அப்பா ஓடவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

பினாயில் நெடியோடு கம்பவுண்டர் வந்தார். நெற்றியைத் தொட்டார், நாக்கைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார்.

"ஜ்வரமே இல்லையே. மகு, கொழந்தே, எத்தனை நாளா இதை அமுக்கறே?"

"ஆறு நாளா."

"ஆறு நாள் அமுக்கினா என் அக்குளும்தான் வீங்கும்!" திரும்பி வந்திருந்த இரண்டு வரிசையும் சிரித்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஆனாலும் எலியைத் தொட்டிருக்கான். இன்னும் நாலு நாள் பார்க்கணும். அதுவரைக்கும் கை அங்கே போகக்கூடாது."

அம்மா என் கையைத் துண்டால் கட்டலாமா என்றாள். அப்பா வீணையின் உறையைப் பார்த்தார். நான் தூதுக்குத் தயாராக நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கோதை, இவன் கையை நான் பிடிச்சுக்கறேன். நீ வாசிம்மா."

சித்தி ஒரு கணம் திகைத்தாள். பிறகு உறையை உருவினாள். அப்பா என் வலது கையை இறுகப் பிடித்திருந்தார். பாதி வாசிப்பில் பிடி தளர்ந்தது. குனிந்து பார்த்தால், என் கையாலேயே என் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நாலு நாளும் அப்படித்தான். கட்டி தானாக அடங்கிற்று. வீடு திரும்பியதும் அப்பா மறுபடி தூணோடு பேச ஆரம்பித்துவிட்டார், ஆனால் சாயங்காலமானால், "இன்னிக்கு வாசிப்பு இல்லையா?" என்று தூணைக் கேட்பார்.

இப்போது அந்த மைதானம் முழுக்கக் கல் கட்டடம். பக்கத்து வீட்டார் இருமினாலும் கேட்காது, வாசித்தாலும் கேட்காது. சித்தியும் இல்லை, அப்பாவும் இல்லை. போன வாரம் டாக்டர் வீட்டு வராந்தாவில் பத்துப் பேர் ஒருவர் இருமலை ஒருவர் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். பினாயில் நெடி வந்தது. என் கை கிளம்பிற்று. பிடிக்க ஆளில்லாததால் நானே அதை இழுத்து முழங்காலில் வைத்துத் தாளம் போட்டேன். பக்கத்திலிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.