அக்கா வீட்டில் கம்பம் நட்டது

அக்கா விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தை பிறந்து இரண்டாவது வெள்ளி. நாள் கிழமைகளை ஞாபகம் வைத்திருப்பது என் பழக்கம். வீட்டில் இதை வியாதி என்பார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த வியாதி உதவியது என்பதை என் மனைவிகூட ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அக்காவுக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அத்தான் காலமான பிறகு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். நான் பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில். நடந்தே போய்விடலாம். அன்று இரவு போன் எடுத்து, "தம்பி, பாத்ரூம் வாசலில ஈரத்தில வழுக்கிப்போட்டுது. ஒண்டுமில்லை, கைதான் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் மணிக்கட்டு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. முழங்கையில் நீலம் பாரித்திருந்தது. எலும்பு முறியவில்லை. அதுதான் பெரிய ஆறுதல்.

ஆறுதல் கொள்ளாதவன் ரொறன்ரோவில் இருந்தான். அக்காவின் ஒரே மகன்.

"இனி அம்மா தனிய இருக்கேலாது, மாமா" என்றான் வீடியோவில். "நல்ல ஒரு இடம் பாத்து வச்சிருக்கிறன். முதியோர் இல்லம்தான், ஆனா ஹொட்டேல் மாதிரி. பெரிய பூந்தோட்டம்."

பக்கத்தில் இருந்த அக்கா தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தார். "என்னையும் அதில நட்டுப்போட்டுத் தண்ணி ஊத்தப்போறியோ?"

தாயும் மகனும் நெடுநேரம் வாதாடினார்கள். முடிவில் ஒரு சமாதானம் வந்தது. ஆவணியில் அவன் லீவில் வருவான். அதற்குள் வீட்டை விழாத வீடாக மாற்ற வேண்டும். வந்து பார்ப்பான். திருப்தியென்றால் அக்கா அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பூந்தோட்டம். மாற்றும் பொறுப்பு எனக்கு.

எனக்குப் பொறுப்புத் தந்தால் முதலில் வாசிப்பேன். வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பிறகு அக்கா வீட்டைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். பளபளக்கும் டைல் தரை. அதன்மேல் ஓடித்திரியும் கால்மிதிகள். தொலைக்காட்சி வயர் நடைபாதைக்குக் குறுக்கே பாம்பாகக் கிடந்தது. பாத்ரூம் பல்பு, இருட்டைக் காட்டவென்றே பூட்டியது போல. அக்காவின் இறப்பர்ச் செருப்பின் அடி, சவர்க்காரக் கட்டியைப்போல வழுவழுத்திருந்தது.

"இதைப் போட்டுக்கொண்டா நடக்கிறீங்கள்?"

"இது ராசியான செருப்பு."

"விழுத்தின செருப்பெல்லோ?"

"அண்டைக்கு நான் வெறுங்கால்."

அந்தப் பதில் எங்கேயோ இடித்தது. ஆனால் எங்கேயென்று அப்போது பிடிபடவில்லை. செருப்பைக் குப்பையில் போட்டேன். மறுநாள் அது பல்கனியில் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது.

கம்பத்தை அனுப்பியது ரொறன்ரோ மருமகன்தான். தரையிலிருந்து கூரைத்தட்டுவரை நிற்கும் இரும்புக் கம்பம். சுவரில் துளை போடத் தேவையில்லை. அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகத் திருகக் கம்பம் உயர்ந்து, தரையையும் தட்டையும் இறுக்கி மிதித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். எழும்பவும் திரும்பவும் பிடித்துக்கொள்ள ஏற்றது. அங்கிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்த ஒருவரின் பயணப் பையில், இரண்டு துண்டாகக் காஞ்சிபுரம் சேலைகளுக்குள் சுற்றி வந்து சேர்ந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இதென்ன என்று கேட்டிருக்கிறார். வந்தவர் தெரிந்த சிங்களத்தில், ஒரு அம்மாவுக்கு, விழாமல் பிடிக்க என்று நடித்துக் காட்டினாராம். "அம்மாட்டத? ஹா, யன்ன", அம்மாவுக்கா, சரி போங்கள் என்று அனுப்பிவிட்டாராம் அதிகாரி. அம்மாவுக்கென்றால் இந்த நாட்டில் எந்தக் கதவும் கொஞ்சம் திறக்கும்.

பூட்ட வந்தவர், அக்காவின் கட்டடத்துக்குக் கீழே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா. என் வயதுக்காரர். ஆளை அனுப்பாமல் தானே, சரிவு பார்க்கும் நீர்மட்டத்தோடு மேலே வந்தார். சுத்தியல் கைப்பிடியால் கூரைத்தட்டைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று வெறும் பெட்டிச் சத்தம்.

"இது பலகைத் தட்டு. இதில முட்டுக்கொடுத்தா, கம்பம் மேல் வீட்டுக்காரன்ட குசினிய எட்டிப் பாக்கும்" என்றார். ஒரு சாண் தள்ளி, பாத்ரூம் வாசலின் கொங்கிறீற் உத்தரத்துக்குக் கீழே இடம் பார்த்தார். சரியான இடம். திருக ஆயத்தமானார்.

"பொறுங்கோ நானா" என்றார் அக்கா, கலண்டரைப் பார்த்தபடி. "ராகு காலம்."

நானா நீர்மட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். "வாழ்நாளெல்லாம் கதவும் பூட்டும் வித்த மனிசன் நான். ஒரு கம்பத்துக்கு நேரம் பாத்தத இண்டைக்குத்தான் காணுறன்."

"கதவு விழுந்தா வேற கதவு வாங்கலாம்" என்றார் அக்கா.

ராகு காலம் கழிந்து கம்பம் நின்றது. நான் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, புதுக் காருக்கு வைப்பதைப்போலக் கம்பத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம் வைத்தார். என்னோடு வந்திருந்த மனைவி ஒரு செவ்வரத்தம்பூவும் செருகினாள். படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். மருமகன் கட்டைவிரல் உயர்த்தினான்.

சங்கடம் பிறகுதான் தெரிந்தது. அக்கா அந்தக் கம்பத்தைத் தொடவேயில்லை. பாத்ரூமுக்குப் போகும்போது அதைச் சுற்றிக்கொண்டு போனார். நான் அதில் துவாயைத் தொங்கவிட்டேன். உடனே எடுத்துவிட்டார்.

"சந்தனம் வச்ச சாமானில துவாய் போடுறதோ? பாத்ரூமால வந்த கையால அதைத் தொடுறதோ?"

"பின்ன அது ஏன் நிக்குது? பிடிக்கிறதுக்குத்தானே?"

"பிடிப்பன். விழுற நேரம் பிடிப்பன்."

விழுகிற நேரம் என்பது கண் சிமிட்டும் நேரம், அதற்குள் கை போய்ச் சேராது என்று நான் வாசித்த அத்தனையையும் எடுத்துச் சொன்னேன். அக்கா, பிந்தி வந்த மாணவனின் சாக்குப்போக்கைக் கேட்பதுபோல முழுவதையும் கேட்டார். மாறவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளி மாலை. கடலை வாங்கிக்கொண்டு போனேன். அக்கா மண்டபத்தில் சாமி அலுமாரிக்கு முன்னால் விளக்கேற்றி முடித்திருந்தார். நான் கதிரையில் இருந்தேன். கும்பிட்டார், திருநீறு பூசினார், பிறகு கண்ணை மூடி, கைகூப்பி, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றத் தொடங்கினார். எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். கோயிலைச் சுற்ற முடியாத இடத்தில் தன்னைச் சுற்றிக் கும்பிடுவது. சிறுவயதிலிருந்து பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்குப் படாமலே போயிருந்தது. அன்று பட்டது. என்ன வேகம்! ஒன்று, இரண்டு, மூன்றாவது சுற்றில் உடம்பு நின்றது, தலை நிற்கவில்லை. அலுமாரிப் பக்கம் சரிந்தார். கடலைப் பொட்டலத்தை எறிந்துவிட்டுப் பாய்ந்து தோளைப் பிடித்தேன். இரண்டு பேருமாகக் கதிரையில் விழுந்தோம். கதிரை நல்ல கதிரை.

மூச்சு வந்ததும் எனக்கு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. தை இரண்டாம் வெள்ளி, ஒழுங்கை முழுக்கக் காலையிலிருந்து தண்ணீர் வெட்டு. மத்தியானம் நான்தான் போத்தல் போத்தலாக மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் தூக்கினேன். லிஃப்டும் அன்று வேலைசெய்யவில்லை. அதை மறப்பேனா? வெறுங்கால் என்ற பதிலும் அப்போதுதான் விளங்கியது: கும்பிடும்போது யார் செருப்புப் போடுவார்?

"அக்கா, அண்டைக்குத் தண்ணி வரேல்லையே. எந்த ஈரத்தில வழுக்கினீங்கள்?"

அக்கா சேலையில் சிந்தியிருந்த கடலையைத் தட்டிவிட்டார்.

"இதிலதான் விழுந்தனான்" என்றார். "சுத்தேக்க."

"ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? கும்பிட்ட மனிசியைச் சாமி தள்ளிவிட்டுதாம் எண்டு சனம் கதைக்கும். அவன் அங்கயிருந்து கும்பிடாதேங்கோ எண்டுவான். பாத்ரூம் எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். எல்லாரும் விழுற இடம்தானே."

ஆக, நாங்கள் நேரம் பார்த்து, சந்தனம் பூசி, விழாத இடத்தில் கம்பம் நட்டிருந்தோம்.

சுற்றுவதை விடச் சொன்னேன். மாட்டேன் என்றார். ஒரு தரம் மட்டும்? அது சாமியோடு பேரம் பேசுவது என்றார். இன்னொரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு போகும், அதோடு இந்த வீடும் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் கோபிக்கவும் முடியவில்லை.

மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பிஸியோதெரபிஸ்ட் வருவார். கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்கப் பெண், கலகலவென்று கதைப்பவர். திங்கட்கிழமை அவர் வந்தபோது அக்காவை முந்திக்கொண்டு நான் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"விடச் சொன்னா விடுவாங்களா, அங்கிள்? எங்கட அம்மா நேத்தி வச்சு, சேர்ச்சில வாசல்லயிருந்து பீடம் வரைக்கும் முழங்கால்லயே போவா. நானே பிஸியோ. என்ட சொல்லு அங்க எடுபடுமா?" பிறகு அக்காவிடம் திரும்பினார். "அன்ரி, சுத்துங்க. ஆனா கண்ண மூடாதீங்க. நிண்ட இடத்தில பம்பரம் மாதிரி வேணாம். அந்தக் கம்பத்த இங்க கொண்டுவந்து வச்சு, கைய எடுக்காம, அதச் சுத்தி மெல்ல நடங்க. ஒவ்வொரு சுத்துக்கும் நிண்டு மூச்சு விடுங்க."

"கம்பத்தைச் சுத்தினா கம்பத்தைக் கும்பிட்ட மாதிரியெல்லோ, மிஸ்?"

"அதுக்குத்தானே சந்தனமெல்லாம் பூசி ரெடியா வச்சிருக்கீங்க!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கொஞ்சநேரம் அலுமாரியையும் அதன் முன்னால் வெறுமையாக இருந்த தரையையும் பார்த்தார். "கோயிலிலயும் சாமிக்கு முன்னால கொடித்தம்பம் நிக்குதுதான்" என்றார், தனக்குத்தானே. அந்த நேரம் முதல் அது கம்பமல்ல, கொடித்தம்பம்.

நானா மறுபடி நீர்மட்டத்தோடு மேலே வந்தார். மண்டபத்தில் தட்டு முழுக்கக் கொங்கிறீற். "இந்த முற ராகு காலம் ஈக்கா?" என்று வாசலிலேயே கேட்டார்.

"இது இடமாற்றம்தானே, நானா. போன முறை பாத்த நேரம் இன்னும் செல்லும்."

பாத்ரூமில் சந்தனமில்லாத வெறும் சுவர்க் கைப்பிடி இரண்டும், இறப்பர் விரிப்பும், ஆளைப் பார்க்கக்கூடிய ஒரு பல்பும் பூட்டினோம். அவற்றை அக்கா எந்தத் தயக்கமும் இல்லாமல் பிடித்தார். மண்டபத்தில் அலுமாரிக்கு முன்னால் காலையும் மாலையும் கொடித்தம்பத்தைச் சுற்றினார். முதலில் பழக்கமில்லாமல் கம்பத்தில் இடித்துக்கொண்டார். சித்திரை முடிவதற்குள், கை கம்பத்தில் வழுக்கியபடி வர, கால் தானாக நடந்தது. கதிரையையும் அதற்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எழும்பும்போது கை தானாகக் கம்பத்துக்குப் போனது. யோசிக்காமலே பிடிப்பதுதான் முக்கியம் என்று நான் வாசித்திருந்தேன். அக்கா வாசிக்காமலே செய்தார்.

ஆடிவேல் திருவிழா கழிந்து, ஆவணி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை மருமகன் வந்தான். பெட்டியை வைத்த கையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கால்மிதிகளைத் தூக்கிப் பார்த்தான், விளக்குகளைப் போட்டு அணைத்தான், சுவர்க் கைப்பிடியை இழுத்தான். மண்டபத்துக்கு வந்து நின்றுவிட்டான்.

"மாமா, கம்பம் ஏன் இங்க நிக்குது? பாத்ரூமில எல்லோ வச்சு எனக்குப் படம் அனுப்பினீங்கள்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எழும்பினார். விளக்கேற்றினார். திருநீறு பூசி, கம்பத்தைப் பிடித்து, கண்ணைத் திறந்தபடி, நின்று நின்று மூன்று சுற்று வந்தார். பிறகு மகனுக்கு நேரே திரும்பி, "நான் விழுந்தது இதில. பாத்ரூமில இல்லை. பொய் சொன்னனான்" என்றார். "இப்ப விழுறதில்லை. பார்த்தனிதானே?"

அவன் முகம் சிவந்தது. "ஒரு சுத்துச் சுத்தினதுக்கே விழுறதாம்மா?"

"நீ சுத்திப் பார்."

அவனும் ஐம்பதைத் தாண்டியவன். கைகூப்பிக் கண்ணை மூடி, சின்ன வயதில் சுற்றிய வேகத்திலேயே சுற்றினான். மூன்றாவது சுற்று முடிவில் கால் பின்னி, எட்டிக் கம்பத்தைப் பிடித்தான். நெற்றியில் வியர்வை.

"பிடிச்சுக்கொண்டு நில்" என்றார் அக்கா. "உடன விடாதை."

அவன் விடவில்லை. சிறிது நேரம் அதைக் கட்டிக்கொண்டே நின்றான். இரண்டு நாள் தாயின் பின்னாலேயே திரிந்தான். சமைக்கும்போதும், உடுப்புக் காயப்போடும்போதும் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுதான் அகப்பட்டது. காலையில் கட்டிலிலிருந்து எழும்பும்போது அக்காவின் கை, பிடிக்க ஒன்றுமில்லாமல் காற்றில் துழாவியது.

வியாழக்கிழமை நான் போனபோது அவன் படுக்கையறையில் கதிரைமேல் ஏறி நின்று, அளவுநாடாவைக் கூரைத்தட்டுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். கட்டிலடியில் இன்னொரு கம்பம் வேண்டுமாம், போனவுடன் அனுப்புவானாம். பூந்தோட்டத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. நாடாவின் கீழ் முனையைப் பிடிக்க என்னைக் குனியச் சொன்னான்.

"தம்பி, கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு குனி" என்றார் அக்கா குசினியிலிருந்து. "டேய், நீயும் கதிரையால மெல்ல இறங்கு. இஞ்ச என்னைத் தவிர வேற ஒருத்தரும் ஒழுங்கா நிக்கிறதில்லை."