முத்து மாதிரி கையெழுத்து

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் டில்லியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் என் கைபடாத கண்ணாடிக் குழாய் ஒன்றுகூட இருந்ததில்லை. கழுவித் துடைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பேன். மயில்துத்தம் எது, படிகாரம் எது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்வேன். எழுத்து வராதவள் என்பதால்தான் என் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறையே கிடையாது.

குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். உள்ளே அடுப்புகளின் நீலச் சுடர் மட்டும் மிதக்கும். ஏதோ குளத்துக்கு அடியில் எல்லோரும் பாடம் படிப்பது போல இருக்கும்.

மேசைக்கு நான்கு பேர். பையன்கள் பியூரெட்டைச் சூழ்ந்து நிற்பார்கள். அது நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் உள்ள திருகைத் திருப்பினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். பெண்பிள்ளைகள் ஸ்டூலில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்துப் போவது போல, வருஷா வருஷம் தானாக அமைந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். "உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்மா, நீயே எழுது" என்பார் கெமிஸ்ட்ரி சார். ஒருநாள் மணி அடித்த பிறகும் அவள் போகவில்லை. ஒரு தாளைக் காட்டினாள்.

"நான் காமர்ஸுக்கு மாறப் போறேன் ஆன்ட்டி. லெட்டர் எழுதிட்டேன், அப்பா சைன் பண்ணியாச்சு. குடுக்கறதுக்குச் சனிக்கிழமை கடைசி நாள்."

"ஏன் கண்ணு, சயின்ஸு புடிக்கலையா?"

"புடிக்குமான்னே தெரியலை. தொட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? பரீட்சைல தனியா செய்யணும். நான் அந்தத் திருகைத் தொட்டதே இல்ல."

"பசங்ககிட்ட கேளேன்."

"கேட்டேன். நீ ரைட்டிங் பாரு, நாங்க ரீடிங் பார்க்கறோம்னு சிரிக்கறாங்க." சுவரிலிருந்த முதலுதவிப் பெட்டியைச் சற்று நேரம் பார்த்தாள். "ஆன்ட்டி, ஒரு பேண்டேஜ் தருவீங்களா?"

"எங்கே அடி?"

"இன்னும் படலை."

வெள்ளிக்கிழமை வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு வந்தாள். நான் பீக்கரைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"எழுத முடியாதா?" என்றார் சார்.

"முடியாது சார்."

"அப்போ நீ பியூரெட்டைப் பிடி. டேய், நீ எழுது."

"நானா சார்? என் எழுத்து எனக்கே புரியாது!"

"அச்சா, இன்னிக்குப் புரியும். உட்காரு."

முதல் தடவை திருகை அதிகம் திறந்துவிட்டாள். குடுவை செக்கச்செவேலென்று ஆனது. "பீட்ரூட் ஜூஸ் ரெடி!" என்றான் ஒருவன். அவள் குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பியூரெட்டைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் ஆடியது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நான்காக மடித்து, அதன் அடியில் செருகினாள்.

பிறகு இடது கை திருகில், வலது கை குடுவையின் கழுத்தில். ஒவ்வொரு சொட்டுக்கும் நிறம் வந்து வந்து கலைந்தது. கடைசியாக ஒரு சொட்டு. பனிக்குள் காலைச் சூரியன் எட்டிப் பார்க்குமே, அந்த வெளிறிய ரோஜா நிறம். அது கலையவில்லை. அந்த நிறம் நின்றால்தான் அளவு சரி. சிரித்துக்கொண்டிருந்த பையன்களும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அளவைச் சொல்ல, ஸ்டூலில் இருந்தவன் எழுதிக்கொண்டான்.

சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது அந்தத் தாளைப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். கீழே தமிழில் இருந்த அப்பாவின் கையெழுத்தை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சனிக்கிழமை பள்ளி பூட்டும்வரை ஆய்வகத்தைத் திறந்தே வைத்திருந்தேன். தாளைத் தேடி யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை வந்தாள். விரலில் கட்டு இல்லை. ஸ்டூலிலும் உட்காரவில்லை.

"உன் தாளு அங்கேயே இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும் ஆன்ட்டி. எடுத்தா ஸ்டாண்டு ஆடும்."